ஐஸ் விற்காத பாட்டு

ஜெலுத்தோங்,
12.3.1979

அன்புத் தம்பி வாசுவுக்கு,

அண்ணன் சின்னையா எழுதுவது. இங்கே நானும் உன் அண்ணி வடிவும் முருகன் புண்ணியத்தில் சுகம். ஈப்போ தண்ணீர் உனக்கும் உன் பேண்ட் ஆட்களுக்கும் ஒத்துக்கொண்டதா என்று வடிவு கேட்கச் சொன்னாள்.

பட்டர்வொர்த் பாரில் உங்களை நிறுத்தியதைப் பற்றி மனம் ஒடிந்து எழுதியிருந்தாய். 'பேண்ட் சரியில்லை' என்று பார் முதலாளி, அந்தத் தவுக்கே சொன்னானாம். அவன் சொன்னது பொய். ஆனால் அவன் நிறுத்தியது சரி. பொறுமையாகப் படி.

அந்தப் பாருக்கு ஆறு வருஷமாக ஐஸ் போடுகிறவன் நான். நீங்கள் வருவதற்கு முன்னால் சனிக்கிழமைக்கு ஒன்பது கட்டி எடுப்பான். எவன் பாடினாலும் ஒன்பதுதான். நீங்கள் நாலு பேரும் மேடை ஏறிய முதல் மாதம் ஏழானது. மூன்றாவது மாதம் ஐந்து. கூட்டம் குறைந்துவிட்டதா என்று வெயிட்டரிடம் கேட்டேன். "நிக்க இடமில்ல அண்ணே. ஆனா ஒரு பயலும் குடிக்க மாட்டேங்கிறான். அந்த சோடாபுட்டி கண்ணாடிக்காரரு கம்பிய இழுத்தாருன்னா போதும், வெள்ளைக்காரனுக்கெல்லாம் வீட்டு ஞாபகம் வந்துருது. கிளாஸ் அப்படியே கெடக்குது" என்றான்.

புரிகிறதா? விமானப்படை முகாமிலிருந்து வருகிற அந்த ஆஸ்திரேலியக்காரர்கள் தங்கள் ஊர் கன்ட்ரி பாட்டைக் கேட்கத்தான் வந்தார்கள். வந்து கேட்டார்கள். கேட்கிறவன் குடிக்க மாட்டான். பாருக்கு வேண்டியது பாட்டு இல்லை, தாகம். மூன்று மாதம் பொறுத்ததே அந்த ஆள் செய்த தர்மம்.

ஆகவே எந்த ஊரில் பாடினாலும் எனக்கு ஒரு விவரம் எழுது. அந்த பாருக்கு இரவைக்கு எத்தனை கட்டி ஐஸ் வருகிறது, நீங்கள் வந்தபின் எத்தனை. கைதட்டலை நம்பாதே. குடித்தவன் எதற்கும் தட்டுவான்.

கடைக்குப் போன் செய்யாதே. ஐஸ் அறுக்கிற சத்தத்தில் ஒன்றும் பேச முடியாது. கடிதமே போடு.

அன்புடன்,
அண்ணன் சின்னையா

*

ஈப்போ,
2.4.1979

மதிப்பிற்குரிய அண்ணனுக்கு,

தம்பி வாசுவின் வணக்கம். எனக்கு இரண்டு நாள் சளி, இப்போது தேவலை. அண்ணி கொடுத்துவிட்ட மிளகுத்தூளை எங்கள் பேண்ட் முனுசாமி சோற்றில் போட்டுத் தின்றே தீர்த்துவிட்டான். அண்ணியின் முட்டிவலி எப்படி?

இங்கே பார் சின்னது. பழைய ஈயச் சுரங்கத்து ஆட்கள், தோட்டத்து மேனேஜர்கள், வாரக் கடைசியில் கொஞ்சம் வாத்தியார்கள். நாங்கள் நாலு பேரும் பாருக்குப் பின்னால் ஒரே அறையில் இருக்கிறோம். காலை ஒன்பதிலிருந்து பன்னிரண்டு வரை பயிற்சி, ஞாயிறும் உண்டு. பிந்தி வந்தால் அன்றைக்குப் பாத்திரம் கழுவ வேண்டும். இந்தச் சட்டத்தைப் போட்டவர் நாகநாதன் அண்ணன். ரயில்வேயில் கணக்கெழுதும் கிராணியாக இருபத்தெட்டு வருஷம் இருந்தவர் வேறு எப்படி இருப்பார். டிரம் வாசிக்கிற முகம்மது சுல்தான்தான் தினம் கழுவுகிறான்.

நாகநாதன் அண்ணனுடைய ஸ்டீல் கிட்டாரை இங்கே எல்லாரும் மேடைக்கு வந்து குனிந்து பார்க்கிறார்கள். பள்ளிக்கூடப் பெஞ்சின் கால், சைக்கிள் பிரேக் கம்பி, தையல் மெஷின் மிதி, எல்லாம் நம் ஜெலுத்தோங் பட்டறையில் ஒட்டவைத்தது என்று சொன்னால் நம்புவதில்லை. ஒரு மேனேஜர் "அமெரிக்காவில எந்த கம்பெனி?" என்று கேட்டார். "ஜெலுத்தோங் கம்பெனி" என்றார் அண்ணன், சிரிக்காமல்.

நீங்கள் கேட்டபடி விசாரித்தேன். முன்பு ஆறு, இப்போது நாலரை. வெயிட்டர் என்னைப் பைத்தியம் என்று நினைத்திருப்பான்.

ஒன்று கேட்கிறேன், கோபிக்காதீர்கள். நாலு வருஷமாகப் பாடுகிறேன். அக்கரையிலிருந்து வீடு திரும்பக் கடைசி பெர்ரிப் படகைப் பிடிக்க ஓடி ஓடியே பேண்டுக்கு 'லாஸ்ட் பெர்ரி' என்று பெயர் வைத்தோம். நீங்கள் ஒரு நாள்கூட உள்ளே வந்து கேட்டதில்லை. பட்டர்வொர்த்தில் கடைசி நாள் சாயங்காலம் முதல் பாட்டுப் பாடும்போது ஜன்னல் வழியாகப் பார்த்தேன். லோரிக்குப் பக்கத்தில் நின்று ஈரச் சாக்கை மடித்துக்கொண்டிருந்தீர்கள். இருபதடி தூரம்தான். பாரில் பாடுகிற தம்பி என்று வெட்கமா? பாட்டு எப்படி என்று கேட்கவே மாட்டீர்கள். ஐஸ் எப்படி என்று கேட்கிறீர்கள்.

தங்கள் அன்புத் தம்பி,
வாசு

*

ஜெலுத்தோங்,
20.4.1979

அன்புத் தம்பிக்கு,

நலம். நீயும் நலம் என்று அறிந்து நிம்மதி. வடிவுக்கு முட்டிவலி அப்படியேதான், ஆனால் பாசாருக்குக் காய்கறி வாங்கப் போவதை நிறுத்தவில்லை. மிளகுத்தூள் மறுபடி அனுப்பியிருக்கிறாள். முனுசாமி கண்ணில் காட்டாதே.

ஆறுக்கு நாலரை என்றால் ஈப்போவிலும் உங்களுக்கு மூன்று மாதம்தான். அதற்குள் ஒரு வேலை செய். தவுக்கேயிடம் நீயே போய்ச் சொல்: 'முதல் ஒரு மணி நேரம் காலாட்டுகிற பாட்டு, ஆடுகிற பாட்டு. பிறகு இருபது நிமிஷம் நிறுத்தம், அப்போது நீ விற்கிறதை விற்றுக்கொள். அதற்குப் பிறகு நாகநாதன் உட்காருவார், மெதுப் பாட்டு. அந்த நேரத்தில் உன் ஆட்கள் டிரேயைத் தூக்கிக்கொண்டு திரிய வேண்டாம்.' அவனுக்கும் நஷ்டமில்லை, உனக்கும் மரியாதை. இப்போது நீங்கள் மெதுப் பாட்டை முதலிலேயே பாடி ஆட்களை உட்காரவைத்துவிடுகிறீர்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பாயசம் வைத்தால் சோறு இறங்குமா?

இன்னொன்றும் யோசித்துவை. கேட்பதற்காகவே காசு கொடுத்து உட்காருகிற இடம் என்று ஒன்று உண்டு. மண்டபம். அங்கே ஐஸ் விற்க வேண்டிய அவசியமில்லை. உங்கள் இடம் அது. பாரில் இருப்பது அங்கே போவதற்குத்தான்.

வெட்கமா என்று கேட்டிருந்தாய். வெட்கப்படுகிறவன் அந்தப் பாரின் பின்வாசலில் ஆறு வருஷம் ஐஸ் சுமப்பானா? வேலை நேரம். லோரியில் பதினாலு கட்டி உருகிக்கொண்டிருக்கும்போது நான் உள்ளே போய் உட்கார முடியாது. வேறொன்றும் இல்லை.

எல்லோரையும் கேட்டதாகச் சொல்.

அண்ணன்

*

கோலாலம்பூர்,
19.8.1979

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். நாலு மாதம் எழுதாமல் இருந்ததற்கு மன்னிக்க வேண்டும். மூன்று ஊர் மாறிவிட்டோம். எல்லாருக்கும் உடம்பு நன்றாக இருக்கிறது. நீங்களும் அண்ணியும் நலமாக இருக்க வேண்டும் என்று தினம் நினைத்துக்கொள்கிறேன்.

உங்கள் யோசனை பலித்தது. இருபது நிமிஷ நிறுத்தத்தைச் சொன்னதும் ஈப்போ தவுக்கே என்னை உட்காரவைத்து கோப்பி வாங்கிக் கொடுத்தான். ஜூன் மாதம் தைப்பிங்கில் ஒரு நகர மண்டபம், அறுநூறு நாற்காலி, டிக்கெட் வைத்து. யாரும் பேசவில்லை அண்ணே. பாட்டு முடிந்ததும்கூட இரண்டு நொடி யாரும் தட்டவில்லை. நான் பயந்து நாகநாதன் அண்ணனைப் பார்த்தேன். "பொறுங்கோ தம்பி, வருது" என்றார். வந்தது.

இப்போது கோலாலம்பூரில் ஒரு ஹோட்டல் பார், வாரம் நாலு நாள். வெள்ளைக்காரர்கள் மட்டுமில்லை, மலாய்ப் பிள்ளைகள், சீனர்கள், நம் ஆட்கள் என்று எல்லாரும் வருகிறார்கள். சனிக்கிழமைக்கு ஆறு கட்டி. நீங்கள் கேட்பதற்கு முன்பே எழுதிவிட்டேன்.

பெர்ரியைப் பற்றி நானே ஒரு பாட்டு எழுதினேன். ஆங்கிலத்தில்தான். கரையில் ஒருவன் நிற்கிறான், பெர்ரி போய்விட்டது, அக்கரை விளக்கு தெரிகிறது, அவ்வளவுதான் விஷயம். வருகிற ஞாயிறு காலை பத்தரைக்கு ரேடியோவில் போடுகிறார்கள். கட்டாயம் கேட்டுவிட்டு எழுதுங்கள். மற்றவர்கள் சொல்வது எனக்குப் போதவில்லை.

தங்கள் தம்பி,
வாசு

*

ஜெலுத்தோங்,
3.9.1979

அன்புத் தம்பிக்கு,

இங்கே எல்லாம் சுகம். கடிதம் சனிக்கிழமையே கிடைத்துவிட்டது.

ஞாயிறு காலை ரேடியோவைக் கடை வாசலில் கொண்டுவந்து வைத்தோம். என்ன நடந்தது என்று அப்படியே எழுதுகிறேன். நம் பிச்சைமுத்து ஒரு கட்டியை ரம்பத்தால் அறுத்துக்கொண்டிருந்தான். பாதியில் கை நின்றது. ரம்பம் ஐஸுக்குள்ளேயே மாட்டிக்கொண்டது, அவன் எடுக்கவில்லை. எதிர்க்கடையில் மீன் வெட்டுகிற சல்மா கத்தியைத் தண்ணீர் வாளிக்குள் போட்டுவிட்டு வந்து நின்றாள். மோட்டார் சைக்கிள்காரன் ஒருவன் என்ஜினை அணைத்தான். வடிவு முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். முடிந்தபிறகு பார்த்தால், அறுக்காத கட்டியிலிருந்து வாசல் வரைக்கும் தண்ணீர் ஓடியிருந்தது. அரைக் கட்டி நஷ்டம். நான் ஒருவரையும் திட்டவில்லை.

நன்றாக இருந்தது என்று வடிவு இரண்டு நாள் சொல்லிக்கொண்டிருந்தாள்.

பேண்டுக்குச் சட்டை நல்லதாகத் தைத்துக்கொள்ளுங்கள். நாகநாதனுக்குக் கண்ணாடி மாற்ற வேண்டியிருக்கும், அவர் கேட்க மாட்டார், நீயே கூட்டிக்கொண்டு போ. நல்ல ஆள். உன் குரலை அவர் தாங்குகிறார் என்று எல்லாரும் சொல்கிறார்கள்.

அண்ணன்

*

கோலாலம்பூர்,
25.2.1980

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அங்கே நலம்தானே. எனக்கு உடம்புக்கு ஒன்றுமில்லை, மனசுதான் சரியில்லை.

நேற்று ஞாயிற்றுக்கிழமை, நீங்கள் வேண்டாம் என்று சொல்லியும் போன் செய்தேன். அவசரம். பிச்சைமுத்து எடுத்து உங்களிடமே கொடுத்ததில் சந்தோஷம். நீங்கள் சொன்னபடியே செய்துவிட்டேன். ஆனாலும் எழுதிவைக்க வேண்டும் போல் இருக்கிறது.

ஏப்ரல் 12, சனிக்கிழமை, நெகாரா ஸ்டேடியம். பத்தாயிரம் பேர். நிகழ்ச்சி நடத்துகிறவர் மீரா சாகிப் என்கிற பெரிய ஏஜென்ட். எல்லாம் பேசி முடித்துவிட்டு ஒரு நிபந்தனை போட்டார்: நாகநாதன் அண்ணன் வேண்டாமாம். "வயசு அம்பத்தஞ்சு. கவ்பாய் தொப்பி போடுங்கன்னா மாட்டேங்கிறாரு. நெத்தியில திருநீறு, பாக்கெட்ல பேனா. உக்காந்துக்கிட்டே வாசிக்கிறாரு. பெஞ்சுக் காலு கிட்டார வச்சு ஸ்டேடியத்துல வித்தை காட்ட முடியாதுலா தம்பி. சிங்கப்பூர்ல ஒரு பையன் இருக்கான், அமெரிக்கா கிட்டாரு, துள்ளித் துள்ளி வாசிப்பான்" என்றார். இரண்டு நாளில் பதில் வேண்டும் என்றார்.

அதைத்தான் போனில் உங்களிடம் கேட்டேன். எல்லாவற்றையும் சொல்லி, "அண்ணே, அவர அனுப்பிடட்டுமா?" என்றேன். நீங்கள் "சரி, சரி. அப்படியே செய்" என்றீர்கள். எனக்கு நம்ப முடியவில்லை. "பாவமில்லையாண்ணே?" என்று மறுபடி கேட்டேன். "ஒண்ணுமில்ல. ஒடம்பப் பாத்துக்க" என்று சொல்லி வைத்துவிட்டீர்கள்.

வியாபாரம் தெரிந்தவர் நீங்கள். உங்களுக்குத் தோன்றாத பாவம் எனக்கு எதற்கு என்று மனதைத் தேற்றிக்கொண்டேன். சாயங்காலம் நாகநாதன் அண்ணனிடம் சொன்னேன். எங்கள் அண்ணனைக் கேட்டுத்தான் முடிவு செய்தேன் என்றும் சொன்னேன். கம்பிகளை ஒவ்வொன்றாகத் துடைத்தார். கிட்டாரின் காலைக் கழற்றித் துணியில் சுற்றினார். "காலமை ரயிலுக்குப் போறன் தம்பி. பயிற்சிய விட்டிடாதேங்கோ" என்றார். இன்று காலை போய்விட்டார். சுல்தான் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, யாரும் சொல்லாமலே பாத்திரம் கழுவிக்கொண்டிருக்கிறான்.

வாசு

*

ஜெலுத்தோங்,
3.3.1980

தம்பி வாசுவுக்கு,

சுகம். உன் சுகத்தையும் கேட்கிறேன்.

போனில் சொன்னதை நான் மாற்றிக்கொள்கிறேன். நாகநாதனைத் திருப்பிக் கூப்பிடு. உடனே செய். காரணம் கேட்காதே.

அவர் இங்கே வந்திருந்தார். வடிவு சாப்பாடு போட்டாள். உன்னைப் பற்றி ஒரு குறை சொல்லவில்லை.

அண்ணன்

*

கோலாலம்பூர்,
14.3.1980

அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணிக்கும் என் வணக்கத்தைச் சொல்லவும்.

காரணம் கேட்காதே என்கிறீர்கள். இது ஐஸ் கட்டியா, காலையில் கொடுத்துவிட்டு மாலையில் திருப்பி எடுத்துக்கொள்ள? நாலு வருஷம் என் பக்கத்தில் உட்கார்ந்து வாசித்த மனுஷனை உங்கள் ஒரு வார்த்தைக்காக ரயில் ஏற்றினேன். அதே ஆளை இப்போது ஒரு வார்த்தையில் கூப்பிடு என்கிறீர்கள். போஸ்டர் அடித்தாகிவிட்டது, அதில் சிங்கப்பூர்ப் பையன் படம் இருக்கிறது. மீரா சாகிபிடம் போய், 'எங்க அண்ணன் மனசு மாறிட்டாரு' என்று சொல்லட்டுமா? சிரிப்பார்.

பையனும் சோடையில்லை. அவன் வந்தபின் ஹோட்டலில் இரண்டு சனிக்கிழமை வாசித்தோம். மேனேஜர் கையைக் குலுக்குகிறார். கூட்டம் எழுந்து ஆடுகிறது, கத்துகிறது. உங்களுக்குப் பிடித்த விவரம்: பதினொரு கட்டி. அந்த ஹோட்டலிலேயே இதுவரை அவ்வளவு போனதில்லையாம்.

நீங்கள் ஒரு நாளும் உள்ளே வந்து என் பாட்டைக் கேட்காதவர். கேட்காத பாட்டுக்கு யார் வாசிக்க வேண்டும், யார் வேண்டாம் என்று எப்படி முடிவு செய்கிறீர்கள்? காரணம் எழுதினால் யோசிக்கிறேன். இல்லாவிட்டால் இந்தப் பேச்சு வேண்டாம்.

வாசு

*

ஜெலுத்தோங்,
19.3.1980

அன்புத் தம்பி வாசுவுக்கு,

உன் உடம்பு நலமாக இருக்க முருகனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். என் உடம்பைப் பற்றி இத்தனை கடிதத்திலும் நலம் என்றே எழுதிவந்தேன். அது முழு உண்மை இல்லை.

எனக்குக் காது கேட்காது. கொஞ்சம் மந்தம் என்று நினைத்துக்கொள்ளாதே. சுத்தமாகக் கேட்காது.

பதினாறு வயதிலிருந்து பதினைந்து வருஷம் ஐஸ் பேக்டரியில் கம்ப்ரஸர் அறையில் வேலை பார்த்தேன், உனக்குத் தெரியும். பேசினால் பக்கத்தில் இருப்பவனுக்குக் கேட்காத சத்தம். சொந்தமாக லோரி வாங்கியபோதே இடது காது போய்விட்டது. வலது காது எழுபத்தைந்தில் போயிற்று. நீ பேண்ட் சேர்ந்த வருஷம். வாயைப் பார்த்துப் புரிந்துகொள்வேன். வடிவுக்கு மட்டும் தெரியும். போனில் வருகிற ஆர்டரை அவள்தான் பலகையில் எழுதிவைப்பாள். பிச்சைமுத்துக்குத் தெரியாது. கூப்பிட்டால் திரும்பாத திமிர் பிடித்த முதலாளி என்று ஊரெல்லாம் சொல்லி வைத்திருக்கிறான். நல்லதுக்குத்தான். தெரிந்தால் லைசென்ஸ் போய்விடும், தவுக்கேமார்கள் என் முகத்துக்கு நேரே ஒருவருக்கொருவர் விலை பேசிக்கொள்வார்கள்.

அந்த ஞாயிறு வடிவு பாசாருக்குப் போயிருந்தாள். பிச்சைமுத்து ரிசீவரை நீட்டி "உங்க தம்பி" என்றான். அவன் வாயைப் பார்த்தேன். வாங்காமல் இருந்தால் அவன் ஒருமாதிரி பார்ப்பான். வாங்கினேன். நீ வழக்கமாக என்ன கேட்பாயோ அதற்குப் பொருந்துவது போல் இரண்டு வார்த்தை சொல்லி வைத்துவிட்டேன். நீ பேசியதில் ஒரு எழுத்துகூட எனக்குத் தெரியாது. உன் கடிதம் வந்தபிறகுதான் நான் என்ன 'சரி' சொல்லியிருக்கிறேன் என்று படித்துத் தெரிந்துகொண்டேன்.

அந்தக் கடிதம் வருவதற்கு முந்திய நாள் நாகநாதன் வந்தார். ஏன் வந்தார் என்றே தெரியாமல் ஏதோ வியாபார நிலவரம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் குனிந்து செருப்பை மாட்டிக்கொண்டே ஏதோ கேட்டிருக்கிறார். நான் பதில் சொல்லவில்லை. நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். பாடகன் வாயைப் பார்த்தே வாசிக்கிறவர் அல்லவா, இன்னொருவன் வாயைப் பார்ப்பதை அவரிடம் மறைக்க முடியவில்லை. நேராக என் எதிரில் உட்கார்ந்து, மெதுவாக, "எத்தினை வருசமாக் கேக்கேல்லை?" என்றார். ஐந்து விரலைக் காட்டினேன். "தம்பிக்குத் தெரியுமோ?" இல்லை என்றேன். "அப்ப அவருக்குச் சொல்லுங்கோ. எனக்காக இல்லை" என்றார். எழுந்து போய்விட்டார். நான் சொல்லாமல் உனக்கு நாலு வரி எழுதினேன். அது என் கோழைத்தனம்.

உன்னிடம் ஏன் மறைத்தேன் என்று கேட்பாய். வெட்கம் இல்லை. தெரிந்திருந்தால் நீ கிட்டாரை ஆணியில் மாட்டிவிட்டு இந்தக் கடைப் போனுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்திருப்பாய். உன்னை எனக்குத் தெரியும். போன் எடுக்க ஆள் கிடைக்கும் தம்பி. பாட ஆள் கிடைக்காது.

இப்போது நீ கேட்ட காரணம். அதை நீயே எழுதியிருக்கிறாய். அதே ஹோட்டல், அதே சனிக்கிழமை. நாகநாதன் இருந்தபோது ஆறு. பையன் வந்தபின் பதினொன்று. மேனேஜர் கை குலுக்குகிறார் என்று சந்தோஷப்படுகிறாய். பட்டர்வொர்த் தவுக்கேயும் இதைத்தான் எதிர்பார்த்தான். ஆடுகிறார்கள், கத்துகிறார்கள், குடிக்கிறார்கள். யாரும் கேட்கவில்லை. ஸ்டேடியத்தில் பத்தாயிரம் பேர் எதற்கு வரப்போகிறார்கள் என்று மீரா சாகிபிடம் கேள். தாகத்துக்கா, பாட்டுக்கா?

பாட்டு எனக்குக் கேட்காது. ஆனால் நாலு வருஷமாக உன் பாட்டை நான் கவனித்துக்கொண்டுதான் இருக்கிறேன். எனக்குத் தெரிந்த வழியில்.

அண்ணன்

*

கோலாலம்பூர்,
2.4.1980

அன்புள்ள அண்ணனுக்கு,

வணக்கம். அண்ணியின் முட்டிவலிக்குத் தைலம் வாங்கி வைத்திருக்கிறேன்.

உங்கள் கடிதத்தை நாலு நாள் பாக்கெட்டில் வைத்துக்கொண்டு திரிந்தேன். பதில் எழுதுவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று இருந்தது. அதனால் முதலில் பட்டர்வொர்த்துக்கு ரயில் ஏறினேன். ஜெலுத்தோங்குக்கு வராமல் திரும்பியதற்குக் கோபிக்காதீர்கள். உங்கள் முகத்தைப் பார்த்தால் அழுதிருப்பேன், அழுகிறவன் வாயைப் படிப்பது உங்களுக்குக் கஷ்டம்.

அங்கே நாகநாதன் அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்றேன். மன்னிப்புக் கேட்க எவ்வளவோ தயார் செய்து வைத்திருந்தேன். கேட்டைத் திறந்து, "பயிற்சி நடக்குதோ?" என்றார். நடக்கிறது என்றேன். "சுல்தான் நேரத்துக்கு வாறானோ?" இல்லை என்றேன். உள்ளே போய்க் கிட்டாரை எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

மீரா சாகிபிடம் ஐஸ் விவரத்தைச் சொன்னேன். முதலில் சிரித்தார். பிறகு ஹோட்டல் மேனேஜருக்குப் போன் போட்டு விசாரித்தார். போனை வைத்தார். "இதச் சொன்னது யாரு தம்பி?" என்றார். எங்க அண்ணன், ஐஸ் வியாபாரி என்றேன். "அவரு இந்தத் தொழிலுக்கு வரலியே, நான் பொழச்சேன்" என்றார். முதல் பாதிக்குச் சிங்கப்பூர்ப் பையன். நிறுத்தத்துக்குப் பிறகு நாகநாதன் அண்ணன், திருநீறோடு, பேனாவோடு. தொப்பியை மடியில் வைத்துக்கொள்ளச் சம்மதித்துவிட்டார்.

இரண்டு டிக்கெட் இதோடு வைத்திருக்கிறேன். முன்வரிசை இல்லை. கேட் பக்கம், பானம் விற்கிற கடைக்கு அருகில். ஏன் என்று உங்களுக்குத் தெரியும். வருவீர்களா?

உங்கள் தம்பி,
வாசு

*

ஜெலுத்தோங்,
15.4.1980

அன்புத் தம்பி வாசுவுக்கு,

நானும் வடிவும் ஞாயிறு ரயிலில் நல்லபடி வீடு வந்து சேர்ந்தோம். உன் தைலம் வேலை செய்கிறதாம். மேடையில் உன் கழுத்தெலும்பு தெரிந்தது. நேரத்துக்குச் சாப்பிடு.

அன்றைக்குக் கூட்டத்தில் உன்னிடம் ஒன்றும் சொல்ல முடியவில்லை. நீயும் என் கையைப் பிடித்துக்கொண்டு நின்றாயே தவிர வாயைத் திறக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பானக் கடைக்காரர் நம் ஆள். கிள்ளானிலிருந்து வந்தவர். நானும் ஐஸ்காரன் என்றதும் ஒரு ஸ்டூலைப் போட்டார். நாலு பெட்டி, மொத்தம் பன்னிரண்டு கட்டி, மரத்தூள் போட்டு ஒழுங்காக வைத்திருந்தார். முதல் பாதி அந்தப் பையன் துள்ளினான். கடையில் கூட்டம் நெரிந்தது. சிரப்பு, பார்லி எல்லாம் பிளாஸ்டிக் பையில் ஊற்றி ஊற்றி அவர் மகளுக்குக் கை ஓய்ந்துவிட்டது. நிறுத்தத்தில் இன்னும் கூட்டம். ஐந்து கட்டி தீர்ந்தது. "இன்னும் ஒரு லோரி சொல்லியிருக்கணும்ணே" என்றார்.

பிறகு விளக்கைக் குறைத்தார்கள். நாகநாதன் வந்து உட்கார்ந்தார், தொப்பி மடியில். நீ அவர் பக்கத்தில் அசையாமல் நின்றாய். உன் வாயைப் படிக்க முடியாத தூரம். வடிவு என் உள்ளங்கையில் விரலால் 'பெர்ரி' என்று எழுதிக் காட்டினாள்.

நான் மேடையைப் பார்க்கவில்லை. கடையைப் பார்த்தேன். காசைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவன் திரும்பி நடந்து போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தான். அவனுக்குப் பின்னால் நின்றவனும் போனான். அதற்குப் பிறகு ஒரு ஆள் வரவில்லை. பத்து நிமிஷம், இருபது நிமிஷம். மகள் கையில் ஊற்றாத பை ஒன்று அப்படியே இருந்தது. கடைக்காரர் காலிப் பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து கன்னத்தில் கை வைத்துக்கொண்டார். வியாபாரம் போன கவலை என்று நினைத்தேன். பார்த்தால் கண்ணைத் துடைக்கிறார்.

எல்லாம் முடிந்து ஆட்கள் எழுந்தபிறகு அவர் மற்றப் பெட்டிகளுக்குள் எட்டிப் பார்த்தார். நானும் குனிந்து பார்த்தேன். விற்பனைக்குத் திறந்தவற்றை மூடி வைக்க அவருக்கு நினைவே இருக்கவில்லை போலிருக்கிறது. ஏழு கட்டி வைத்த இடத்தில் தலையணை அளவுக்கு ஒன்று மிதந்தது. மீதியெல்லாம் தண்ணீர்.

இருபத்தைந்து வருஷமாக ஐஸ் தொழிலில் இருக்கிறேன். ஏழு கட்டி உருகி நான் சந்தோஷப்பட்டது அன்று ஒரு நாள்தான்.

லோரியை இப்போது பிச்சைமுத்து ஓட்டுகிறான். அவனிடமும் சொல்லிவிட்டேன். "அப்ப திமிரு இல்லியா முதலாளி?" என்று கேட்டான், ஏமாந்த மாதிரி. கடைக்கு நீ தாராளமாகப் போன் செய்யலாம். வடிவு எடுத்துப் பலகையில் எழுதுவாள்.

மீரா சாகிப் வடிவிடம் பேசியிருக்கிறார். அடுத்த மாதம் பினாங்கில் உங்கள் கச்சேரி வைக்கப் போகிறாராம், பானக் கடைக்கு நான் ஐஸ் கொடுக்க முடியுமா என்று கேட்டாராம். முடியாது என்று சொல்லச் சொல்லிவிட்டேன். டிக்கெட் எத்தனை வேண்டுமானாலும் வாங்குகிறேன். ஆனால் நீ பாடுகிற இடத்துக்கு ஐஸ் போட்டு நஷ்டப்பட நான் என்ன பைத்தியக்காரனா?

அன்புடன்,
அண்ணன் சின்னையா